தோல்வாரை ஒழித்த பிளேடு

நூறு வருடங்களுக்கும் வெகு முன்பு ஓர் அமெரிக்கர் வீட்டில் சவரம் செய்துகொள்ள வேண்டுமென்றால் கத்தியும் சோப்பும் மட்டும் போதாது. சுவரில் ஒரு தோல்வார் தொங்க வேண்டும்!

மாட்டுத்தோல் அல்லது குதிரைத்தோலில் நீளமாக வெட்டிய பட்டை அது. தோல் காய்ந்து விறைத்துப் போனால் லேசாக எண்ணெய் தடவி, உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துப் பதப்படுத்துவார்கள். பல வார்களில் கூடவே ஒரு துணிப்பட்டையும் இருக்கும். ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை விறைப்பாக இழுத்துப் பிடித்து, கத்தியின் முதுகு முன்னே போக, கூர்முனை பின்னே வரும்படி தீட்ட வேண்டும். மாற்றித் தீட்டினால் தோல் கிழியும். வார் தொய்ந்தால் கூர் மழுங்கும்.

சாணைக்கல் இரும்பைத் தேய்த்துப் புதுக்கூர் உண்டாக்கும். தோல்வாரோ இருக்கிற கூரை நேராக்கி மெருகேற்றும். கல் எப்போதாவது, தோல்வார் தினமும்... இதைப் பழகுவதற்குள் பலருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

1895-ல் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற விற்பனைப் பிரதிநிதிக்கும் இதே தொல்லைதான். தோல்வாரில் தீட்டியும் சரியாகாத அளவுக்கு அவர் கத்தி மழுங்கியிருந்தது. தீட்டவே வேண்டாத, தேய்ந்ததும் தூக்கி எறியும் மெல்லிய பிளேடு இருந்தால் என்ன? யோசனை அப்போது பிறந்தது. எம்.ஐ.டி.யில் படித்த வில்லியம் நிக்கர்சன் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களை உருவாக்கினார். 1903-ல் விற்றவை வெறும் 51 ரேஸர்கள். அடுத்த வருடம் 90 ஆயிரத்தைத் தாண்டியது!

"ரேஸரைச் சும்மா கொடு, பிளேடில் சம்பாதி" என்பது ஜில்லெட்டின் தந்திரம் என்று பலரும் சொல்வதுண்டு. உண்மை வேறு. ரேஸரின் விலை 5 டாலர். அன்றைய தொழிலாளியின் ஒரு வாரக் கூலியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! 1921-ல் காப்புரிமை முடியும்வரை அந்த விலை பெரிதாக இறங்கவில்லை. அவ்வளவு கொடுத்தும் மக்கள் ஏன் வாங்கினார்கள்? இனித் தீட்ட வேண்டாம் என்பதற்காகத்தான். அவருடைய விளம்பரங்களும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லின.

தோல்வார் உடனே தோற்றுவிடவில்லை. ஹென்றி கெய்ஸ்மன் என்பவர் 'ஆட்டோஸ்ட்ராப்' ரேஸரைக் கொண்டுவந்தார். பிளேடைக் கழற்றாமலே ரேஸருக்குள் தோல்வாரை நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தால் போதும், பிளேடு தானே புரண்டு இருபக்கமும் தீட்டிக்கொள்ளும். திறமை தேவையில்லை, ஒரே பிளேடு பல நாள் வரும்!

பின்னாளில் காப்புரிமை தொடர்பாக இரு நிறுவனங்களும் மோதின. 1930-ல் இணைந்தன. இணைப்பின்போது கணக்கைச் சோதித்ததில், ஜில்லெட் நிறுவனம் 5 வருட லாபத்தை ஒரு கோடி டாலருக்கும் மேல் கூட்டிக் காட்டியிருந்தது அம்பலமானது. கெய்ஸ்மன் தலைவரானார். ஜில்லெட் 1932-ல் இறந்தார்.

நாற்காலி தோல்வார்க்காரருக்குக் கிடைத்தது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் விற்றது தூக்கி எறியும் பிளேடுகளைத்தான். பிளேடு மலிவாகிவிட்ட பிறகு, அதைத் தீட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்?