கல்முனைக் கரையில் வீடும் ஈடும் வரியும்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார்" என்பது தமிழ் வழங்கும் நாடெங்கும் வழங்கும் பழமொழி. இரண்டும் தனித்தனிப் பெருஞ்சுமைகள் என்பதே அதன் கருத்து. ஆயின், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கிழக்கிலங்கைக் கடலோரமாகத் தொடர்ந்து செல்லும் ஊர்களில் இவ்விரண்டு சுமைகளும் ஒன்றே. மகளுக்கு மணம் பேசுமுன் அவளுக்கென ஒரு மனை எழும்பியாக வேண்டும். மணமகன் அம்மனைக்கு வந்து குடிபுகுவான். மூத்த மகளுக்குத் தம் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பக்கத்து வளவில் ஒரு சிறு வீட்டுக்கு ஒதுங்குவதும், பின்னர் அதையே பெருப்பித்து அடுத்த மகளுக்கு ஆயத்தம் செய்வதும் இங்கே கண்கூடு. நான்கு பெண்மக்களைப் பெற்றவன் நான்கு வீடுகளின் கணக்கைத் தன் ஆயுட்காலத்துள் தீர்க்கவேண்டியவனாகின்றான். தந்தை மாத்திரமன்றி, தமக்கை தங்கையர்க்காகத் தமையன்மாரும் உழைத்துத் தேய்வதுண்டு.

இவ்வழக்கம் முஸ்லிம்களுக்கு மாத்திரம் உரியதன்று. அயலிலுள்ள இந்துத் தமிழ் மக்களிடையேயும் இது வேரூன்றியது. தாய்வழியாக வரும் குடிமுறை இரு சமூகத்துக்கும் பொது. மட்டக்களப்புப் பகுதியில் வழங்கிய முக்குவர் சட்டத்தைத் தொகுத்துக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதே 1876இல் இயற்றப்பட்ட விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பின் அப்பழைய சட்டம் நீதிமன்றங்களில் வழக்கொழிந்தது. முஸ்லிம்களுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இஸ்லாமிய வாரிசுரிமை விதிகளை உறுதிசெய்தது. அவ்விதிப்படி மகனுக்குரிய பங்கிற் பாதியே மகளுக்குரியது. ஆயினும், தந்தை உயிரோடிருக்கும்போதே நன்கொடையாகவோ சீதனமாகவோ எழுதிக் கொடுத்த வீடு, அவன் இறந்தபின் பங்கிடப்படும் சொத்தில் அடங்காது. சட்டம் மாறியபோதும் வழக்கம் நிலைத்ததன் இரகசியம் இதுவே. வாரிசுரிமை ஏட்டில் இருந்தது; வீடு உறுதியில் இருந்தது.

இனி, இவ்வீடுகளைக் கட்டும் பணம் எங்கிருந்து வந்தது என்பதை நோக்குவோம். பழங்காலத்தில் ஒற்றியும் ஈடுமே வழியாயிருந்தன. வயலை ஒற்றி வைத்தால், கடன் கொடுத்தவன் வட்டிக்குப் பதிலாக விளைவை அனுபவிப்பான். முதல் தீரும்வரை வயல் மீளாது. விளைவு கையைவிட்டுப் போனபின் முதலைத் தீர்க்கும் வழியும் அடைபடும். இவ்வலையிலிருந்து சிறுகுடியானவனை மீட்பதற்கென்றே 1911 ஆம் ஆண்டில் இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. 1931இல் அரசாங்க ஈட்டு வங்கி நிறுவப்பட்டது. நிலத்தை ஈடாகக் கொண்டு நீண்டகாலக் கடன் வழங்குவதே அதன் நோக்கம். 1954 ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டம் வீடு கட்டுவோர்க்கு அரசாங்கக் கடனுக்கு வகைசெய்தது. 1975 ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி பழைய ஈட்டு வங்கியும் விவசாயக் கைத்தொழிற் கடன் கூட்டுத்தாபனமும் இணைந்து, 1979இல் அரச ஈட்டு முதலீட்டு வங்கி என்னும் பெயரில் இயங்கத் தொடங்கின. அதே 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையும் தோன்றியது. ரணசிங்க பிரேமதாசவின் முயற்சியால் 1984இல் ஆரம்பமான பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகச் சிறு கடன்களைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. இலங்கையின் முன்மொழிவை ஏற்றே ஐக்கிய நாடுகள் சபை 1987ஐ வீடற்றோர்க்குரிய சர்வதேச ஆண்டாகப் பிரகடனம் செய்தது.

வீட்டுக் கடனை மாதத் தவணைகளாகத் தீர்க்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் பேர்மிங்காம் நகரில் 1775 அளவில் தோன்றிய முதற் கட்டடச் சங்கத்தில், உறுப்பினர் மாதச் சந்தா செலுத்தி ஒருவர்பின் ஒருவராக வீடு பெற்றனர். ஐக்கிய அமெரிக்காவில் 1930க்கு முன்னர் வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் குறுகிய காலத்தன. ஈற்றில் முதல் முழுவதையும் ஒருங்கே செலுத்தவேண்டியிருந்தது. பெருமந்தம் வந்தபோது அவ்வாறு செலுத்த இயலாதோர் வீடிழந்தனர். 1933, 1934 ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட அரசாங்க அமைப்புகள், முதலையும் வட்டியையும் ஒன்றுகூட்டிச் சமமான மாதத் தவணைகளாகத் தீர்க்கும் நீண்டகாலக் கடனைப் பரப்பின. இன்று கல்முனையில் ஓர் ஆசிரியரோ எழுதுவினைஞரோ கையொப்பமிடும் கடன் பத்திரமும் அவ்வழி வந்ததே.

அத்தவணையின் உள்ளமைப்பை எண்களால் விளக்குவது நலம். பத்து இலட்சம் ரூபா கடன். ஆண்டு வட்டி நூற்றுக்கு 12 வீதம். காலம் 15 ஆண்டு எனக் கொள்வோம். மாத வட்டி 1 வீதம். சமமான தவணை மாதம் ஏறத்தாழ ரூபா 12,002 ஆகும். முதல் மாதத்தில் இதில் 10,000 வட்டிக்கே போய்விடும். முதலிற் கழிவது 2,002 மாத்திரமே. இரண்டாம் மாதத்தில் வட்டி 9,980 ஆகக் குறைய, முதலிற் கழிவது 2,022 ஆகும். இவ்வாறு மெல்ல மெல்ல நகர்ந்து, கடனிற் பாதி தீர்வதற்குப் பத்தரை ஆண்டுகள் செல்லும். மற்றப் பாதி எஞ்சிய நான்கரை ஆண்டுகளில் விரைந்து தீரும். ஐந்தாறு ஆண்டுகள் தவறாது செலுத்தியவன், "இன்னும் இவ்வளவு முதல் நிற்கின்றதே" என்று திகைப்பதன் காரணம் இதுவேயன்றி வேறில்லை.

காலத்தை நீட்டினால் தவணை குறையும் என்பது உண்மை. எவ்வளவு குறையும் என்பதே வினா. 15 ஆண்டை 20 ஆக்கினால் தவணை 12,002இலிருந்து 11,011 ஆகும். மாதம் ஏறத்தாழ ஆயிரம் ரூபா இலகு. ஆனால் மொத்தமாகச் செலுத்தும் தொகை 21 இலட்சத்து 60 ஆயிரத்திலிருந்து 26 இலட்சத்து 42 ஆயிரமாக உயரும். 10 ஆண்டில் தீர்ப்பதாயின் தவணை 14,347. மொத்தம் 17 இலட்சத்து 22 ஆயிரம் அளவில் அடங்கும். அடுத்த மகளின் வீடு காத்திருக்கும் குடும்பத்தில் இவ்வேறுபாடு சிறியதன்று.

தவணை மாத்திரமே வீட்டின் மாதச் செலவன்று. அமெரிக்காவின் பல பகுதிகளில் ஆதன வரியையும் தவணையுடன் சேர்த்தே வங்கி அறவிடும். கடன் பெறுவோன் இரண்டையும் கூட்டியே கணக்கிடப் பழகியவன். இலங்கையில் வரி தனியே உள்ளூராட்சிச் சபைக்குச் செல்வதால் அது மறக்கப்படுகின்றது. கல்முனைப் பக்கத்தில் இதனைச் சோலைவரி என்பர். இதன் வேர் இங்கிலாந்தின் 1601 ஆம் ஆண்டு வறியோர் சட்டம்வரை செல்லும். இலங்கையில் 1865 ஆம் ஆண்டின் மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தோடு நகரங்களுக்கு வந்தது. கல்முனையில் ஒருகாலத்தில் பட்டின சபையும், சூழவுள்ள கரைவாகுப் பகுதிகளிற் கிராம சபைகளும் இருந்தன. 1981இல் அவ்வகைச் சபைகள் ஒழிந்து மாவட்ட அபிவிருத்திச் சபைகள் ஏற்பட்டன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தந்தது. பின்னர் 2001இல் கல்முனை மாநகர சபை நிலைக்கு உயர்ந்தது.

வரிக்கு அடிப்படை வீட்டின் விலையன்று. அதன் வருடாந்தப் பெறுமதி. அஃதாவது, அவ்வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டிற் கிடைக்கக்கூடிய நியாயமான வாடகை. அதன்மேற் சபை தீர்மானிக்கும் வீதப்படி வரி விதிக்கப்படும். வருடாந்தப் பெறுமதி ரூபா 24,000, வீதம் 6 எனக் கொண்டால், ஆண்டு வரி 1,440, காலாண்டுக்கு 360, மாதக் கணக்கில் 120. முன்சொன்ன தவணையோடு கூட்ட, மாதச் சுமை ரூபா 12,122. ஜனவரி 31க்குள் முழு ஆண்டுக்குரிய வரியையும் செலுத்துவோர்க்கு 10 வீதமும், ஒவ்வொரு காலாண்டின் முதல் மாதத்துள் செலுத்துவோர்க்கு 5 வீதமும் கழிவு உண்டு. மதிப்பீடு மிகையெனக் கருதுவோர் அறிவித்தலிற் குறித்த காலத்துள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். முடிவு திருப்தி தராவிடின் நீதிமன்றமும் செல்லலாம். இவ்வுரிமையை அறியாது மிகை வரியைச் சுமப்போர் உளர். வரியைச் செலுத்தாது விட்டுப் பின் ஜப்திக்கு ஆளாவோரும் உளர்.

வீட்டுக்கென வழங்கும் சலுகைகள் வேறு சிலவும் உண்டு. 1932இல் இலங்கைக்கு வருமான வரி வந்தபோது, தன் சொந்த வீட்டிற் குடியிருப்பவனுக்கும் வாடகை மீதமாகின்றது என்னும் கருத்தால் அவ்வீட்டின் நிகர வருடாந்தப் பெறுமதியும் வருமானமாக எண்ணப்பட்டது. பின்வந்த சட்டங்கள் உரிமையாளர் குடியிருக்கும் வீடொன்றை அக்கணக்கிலிருந்து விலக்கின. 2024இல் அப்பழைய கருத்து சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளோடு மீண்டும் பேச்சுக்கு வந்தது. கல்முனைக் கரைக்கு மிக நெருங்கிய சலுகை முத்திரைத் தீர்வையிலுள்ளது. மாகாணங்களில் நெடுநாளாக வழங்கிவந்த விகிதப்படி, விற்பனை உறுதிக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் எஞ்சியதற்கு 4 வீதமும் தீர்வை. நன்கொடை உறுதிக்கு முதல் 50,000 ரூபாவுக்கு 3 வீதமும் எஞ்சியதற்கு 2 வீதமுமாகும். இருபது இலட்சம் பெறுமதியான வீடு விலைக்கு மாறினால் தீர்வை 79,000. தந்தை மகளுக்கு நன்கொடையாக எழுதினால் 40,500. மிஞ்சும் 38,500 ரூபா ஒரு கூரைக்குரிய மரத்துக்காவது உதவும்.

நிற்க. மாதத் தவணை என்பது மாதச் சம்பளம் பெறுவோனை மனத்திற் கொண்டு ஏற்பட்டது. அம்பாறைக் கரையிற் பெரும்பாலோரின் வருவாய் அவ்வாறன்று. கல்லோயாத் திட்டத்தின் நீரால் வயல் செய்வோன் ஆண்டில் இருமுறையே பணம் காண்பான். மீனவன் கடல் தரும்போது காண்பான். மருதமுனை நெசவாளன் துணி விற்கும்போது காண்பான். சோலைவரிக் கழிவுக்குரிய ஜனவரி 31, பெரும்போக நெல் பெரும்பாலும் வயலில் நிற்கும் காலம். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து கையிற் பணம் வரும்போது கழிவு கடந்துவிடும். ஆதலின் வேளாண்குடும்பம் மாதக் கணக்கைப் போகக் கணக்காக மாற்றுவதே அறிவுடைமை. முன்சொன்ன 12,122 ரூபாவை ஆறு மாதத்துக்குப் பெருக்க 72,732 வரும். ஒவ்வொரு போக முடிவிலும் இத்தொகையை ஒதுக்கிய பின்னரே ஏனைய செலவைத் தொடவேண்டும். ஒரு போகம் வெள்ளத்தால் அழிந்தாலும் தாங்கக்கூடிய அளவே கடன் கொள்ளத்தக்கது.

வட்டி நிலையானதா, மாறுவதா என்பது அடுத்த வினா. 2022 ஏப்பிரலில் இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் கொண்டோர் பலர் அவ்வாண்டில் நிலைகுலைந்தனர். எடுத்துக்காட்டாக, மேற்கூறிய கடனின் வட்டி 12இலிருந்து 24 வீதமானால் தவணை 12,002இலிருந்து 20,583 ஆகும். வட்டியையே விலக்க விரும்பும் முஸ்லிம்களுக்கு, 2005 ஆம் ஆண்டின் வங்கித் திருத்தச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. 2011இல் அமானா வங்கி தொழில் தொடங்கியது. வங்கியும் வாங்குவோனும் வீட்டைப் பங்காக வாங்கி, வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அப்பங்கைச் சிறிது சிறிதாக விலைக்குப் பெறும் குறைந்துசெல் கூட்டுரிமை முறை அவற்றுள் ஒன்று. பெயர் எதுவாயினும், மாதந்தோறும் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, தாமதித்தால் என்ன, இடையில் தீர்த்தால் என்ன என்னும் நான்கு வினாக்களையும் கேட்டே கையொப்பமிடல் வேண்டும்.

2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையின் வீட்டுக் கணக்கையெல்லாம் ஒரு காலைப் பொழுதிற் கலைத்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. கிழக்கிற் கடலிலிருந்து 200 மீற்றருள் மீளக் கட்டலாகாது என முதலில் விதித்துப் பின் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமம், மருதமுனையின் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் போன்ற புதுக் குடியிருப்புகள் எழுந்தன. ஆயினும் ஒரு குறை நேர்ந்தது. அலை கொண்டுபோன வீடுகளிற் பல பெண்களுக்கு உரியவை. உதவியும் புது வீடும் வழங்கிய அதிகாரிகளோ, "குடும்பத் தலைவர்" என்று ஆண்மகன் பெயரையே பதிந்தனர். தாய்வழி வந்த உரிமை ஒரு படிவத்தின் ஒரு கட்டத்துள் மாறிப்போனது. பெண்கள் அமைப்புகள் கூட்டுரிமை கோரிக் குரலெழுப்பின.

இதுவே வீட்டுக் கடனிலும் கவனிக்கத்தக்கது. சம்பளம் கணவனுடையது, வீடு மனைவியுடையது. கணவன் கடன்பட்டு மனைவி ஈட்டுறுதியில் ஒப்பமிடும்போது, அவள் தந்தையும் தமையன்மாரும் ஆண்டுக்கணக்காக உழைத்துத் தந்த ஒரே பாதுகாப்பு ஈடாகின்றது. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், வழக்கின்றியே ஈட்டுச் சொத்தை ஏலமிட வங்கிகளுக்கு அதிகாரம் அளித்தது. சிறு கடன்களுக்கு மாத்திரம் விலக்குண்டு. அமெரிக்கக் கண்டத்தில் டெக்ஸாஸ் குடியரசு 1839 ஆம் ஆண்டிலேயே குடியிருப்பு மனையைக் கடன்காரர் பறிக்கலாகாதெனச் சட்டஞ் செய்தது. இக்கரை மக்கள் அத்தகைய காப்பைச் சட்டத்தாலன்றி வழக்கத்தாற் செய்துகொண்டனர். மகள் பெயரில் எழுதிய வீடு கணவனின் கடனுக்கு ஆளாகாது என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள். ஈட்டுறுதியில் அவள் இடும் ஓர் ஒப்பம் அக்காப்பை அவிழ்த்துவிடும். ஆதலின் கணக்குத் தெரியவேண்டியவர் வீட்டு ஆண்மகன் மாத்திரமல்லர். தவணையும் வட்டியும் வரியும் முதலில் உறுதிக்குரியவளுக்கு விளங்கவேண்டும். அதன் பின்னரே பேனை அவள் கைக்குச் செல்லவேண்டும்.