எந்த நரம்பு?

“மூளையில நரம்பு வெடிச்சிருச்சாம்.” ஆஸ்பத்திரி வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. வெடித்தது நரம்பல்ல, ரத்தக்குழாய். அது எந்தக் குழாய், எந்த வளைவு என்று படத்தில் பார்த்துச் சொல்பவரின் துறைக்குப் பெயர் நியூரோரேடியாலஜி. ரேடியாலஜியில் எம்.டி. முடித்தவர் மூளை, தண்டுவடப் படங்களுக்கென்றே மேலும் 3 ஆண்டு டி.எம். படிக்கிறார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் அந்தப் படிப்பு உண்டு.

பெயரின் முற்பாதி கிரேக்கத்தின் ‘நியூரான்’. பழைய கிரேக்கத்தில் அது தசைநாண். வில்லின் நாணும் யாழின் தந்தியும்கூட அதுவே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் பிணங்களை அறுத்துப் பார்த்த ஹீரோஃபிலஸ் முதலானோர், மூளையிலிருந்து கிளம்பும் இழை வேறு, தசைநாண் வேறு என்று கண்டார்கள். பொருள் பிரிந்தது, சொல் பிரியவில்லை. தட்டையான தசைநாணுக்கு இன்றைக்கும் அப்போநியூரோசிஸ் என்றுதான் பெயர். அதற்கும் நரம்புக்கும் சம்பந்தமில்லை.

நம் நரம்பும் லேசுப்பட்டதல்ல. சங்கப் பாடல்களில் யாழின் தந்தி நரம்பு. இலையில் ஓடும் கோடும் நரம்பு. ஊசி போட வரும் நர்ஸ் முழங்கை மடிப்பை இரண்டு தட்டுத் தட்டி, “நரம்பே கிடைக்கலையேம்மா” என்று சலித்துக்கொள்வது சிரையைப் பற்றி. இதைப் பிழையென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்தத் துறையே பாதி ரத்தக்குழாயில் வளர்ந்ததுதான். 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனியில் சோடியம் அயோடைடு கரைசலைச் செலுத்தி, உயிரோடிருப்பவரின் மூளை ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் பிடித்துக் காட்டினார்.

பிற்பாதியின் வேர் லத்தீன் ‘ரேடியஸ்’. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், பிறகு ஒளிக்கதிர். கணக்கு வாத்தியார் வட்டத்துக்கு ஆரம் என்று சொல்லிக்கொடுத்ததும் அதே ஆரக்காலைத்தான். எக்ஸ்ரே இல்லாமலே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. வந்தபின் ரேடியாலஜி என்ற பெயர் பொருந்துமா என்று கேட்கலாம். நிம்ஹான்ஸில் துறையின் பெயரே நியூரோஇமேஜிங் என்றுதான் தொடங்குகிறது. ஆனால் எம்.ஆர்.ஐ.க்குக் காந்தம் மட்டும் போதாது, ரேடியோ அலையும் வேண்டும். ரேடியோவும் ரேடியஸின் பிள்ளைதான். பழைய பெயர் மயிரிழையில் தப்பித்துக்கொண்டது.

நரம்பு என்ற சொல்லை யார் எப்படிப் புழங்கினாலும் எனக்குச் சம்மதம், ஓரிடத்தில் தவிர. திடீரென வாய் கோணி, ஒரு பக்கத்துக் கை விழுந்தவரை ‘நரம்புத் தளர்ச்சி’ என்று வீட்டில் படுக்க வைத்து எண்ணெய் தேய்க்காதீர்கள். அடைபட்டது ரத்தக்குழாயாக இருந்தால், உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம்.