பதினைந்து பேர் புகுந்த பந்தயம்

அம்பர்நாத்தில் குடியிருக்கும் தமிழருக்குத் தொலைவு புதிதன்று. முன்னர் விக்டோரியா முனையம் என்று வழங்கிய சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்துக்கு இங்கிருந்து ரயில் பாதையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அத்தொலைவை நாள்தோறும் இருமுறை கடந்தே நம்மிற் பலர் பிழைப்பு நடத்துகின்றனர். ஆயின் கல்யாணுக்குச் செல்லும் வழியில் பாதிக்கு மேற்பட்ட தூரத்தை நீந்தி, முனையத்துக்குச் சென்று மீண்டு, மறுபடியும் முனையம் செல்லுமளவு மிதிவண்டி மிதித்து, அதன்பின் இங்கிருந்து காட்கோபரைச் சற்றே கடக்குமளவு ஓடவேண்டும், அத்தனையும் ஒரே நாளில், என்றால் நேயர்கள் நகைப்பார்கள். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்பதே அக்கணக்கு. ஆங்கிலத்தில் இதனை ‘டிரையத்லான்’ என்பர். கிரேக்கச் சொல்லின் பொருளை ஒட்டி ‘முப்போட்டி’ என்று சொல்லிப் பார்க்கிறேன்; மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இந்த ஆசை விடுவதில்லை.

இன்று இப்பந்தயம் பெருஞ்செலவுக்குப் பேர்போனது. ஒரு மோட்டார் சைக்கிளின் விலையை மிஞ்சும் மிதிவண்டிகளில் வீரர்கள் வருகின்றனர். இது பிறந்த நாளில் நிலைமை இவ்வாறில்லை.

1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஓட்டக்காரர் சிலர் ஓடியும் மிதிவண்டி ஓட்டியும் நீந்தியும் ஒரு சிறு போட்டி நடத்தினர். அதில் கலந்துகொண்டவர்களுள் ஒருவர் ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரி. பின்னர் அவர் ஹவாய்த் தீவுகளுக்கு மாறினார். அங்கு 1977இல் ஒரு பரிசளிப்பு விழாவில், நீந்துவோர் வலியரா, ஓடுவோர் வலியரா என்று வழக்கு எழுந்தது. மிதிவண்டி வீரரே வலியர் என்பதற்கும் சான்று உண்டு என்றார் காலின்ஸ். இம்மூவர் வழக்கைத் தீர்ப்பது எங்ஙனம்? ஓவாஹு தீவில் மூன்று பந்தயங்கள் தனித்தனியே நடந்து வந்தன: வைக்கீக்கிக் கடலில் நீச்சல், இரண்டு நாளில் தீவைச் சுற்றிவரும் மிதிவண்டிப் பயணம், ஹொனலுலு மாரத்தான் ஓட்டம். மிதிவண்டி வழியில் மூன்று மைல்களைக் குறைத்தால், நீச்சல் முடியுமிடத்தில் அது தொடங்கி, ஓட்டம் தொடங்குமிடத்தில் முடியும் என்று அவர் கண்டார். புதிய பாதை தேடவேண்டிய செலவும் மிஞ்சியது.

1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் காலையில் 15 ஆடவர் கடலில் இறங்கினர். விதிகள் சில தாள்களில் அடங்கின. உணவும் நீரும் அவரவர் பொறுப்பு. உடன்வரும் துணைவரையும் அவரவரே அழைத்து வரவேண்டும். முன்னணியில் இருந்த ஜான் டன்பாருக்கு ஓட்டத்தின்போது தண்ணீர் தீர்ந்துவிட, துணைவர் பீரை நீட்டினராம்! தள்ளாடிய அவரை முந்திக்கொண்டு கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 வினாடியில் முதலில் வந்தார். முடித்தவர் 12 பேர். காலின்ஸும் ஏறத்தாழ 17 மணி நேரத்தில் முடித்தார். செப்புக் குழாயைக் கொண்டு அவர் தம் கையாலேயே செய்த சிறு பொம்மைதான் பரிசு. அடுத்த ஆண்டிலும் 15 பேரே புறப்பட்டனர். அவர்களுள் லின் லெமேர் என்னும் பெண்மணி ஐந்தாவதாக முடித்தார். 1980இல் தொலைக்காட்சி வந்தது. கூட்டமும் செலவும் பின்தொடர்ந்தன.

நம் கடலிலும் ஒரு செலவுக் கதை உண்டு. 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை நீந்திக் கடந்த மிஹிர் சென், அதற்கு முன் 45,000 ரூபாய் திரட்டவேண்டியிருந்தது. நீந்துவதற்குப் பணம் வேண்டியதில்லை. வழிகாட்டிச் சான்று கூறவேண்டிய கடற்படைக்கே அத்தொகை. அன்றைய பிரதமர் இந்திரா காந்தியின் உதவியால் இடையூறு நீங்கியது.

ஆகவே முப்போட்டியைச் செல்வர் விளையாட்டு என்று ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பழைய மிதிவண்டியும் ஒரு சோடிக் காலணியும் அம்பர்நாத்தில் எளியவருக்கும் கிட்டும். கிட்டாதது தண்ணீரே. சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060ஐக் குறிக்கும் கல்வெட்டுடைய சிவன் கோயில் இங்கே வால்துனி ஆற்றங்கரையில் நிற்கிறது. சிலாஹார மன்னர் காலத்துச் சிற்பங்கள் இன்னும் காணத்தக்கன. அருகில் ஓடும் ஆறோ ஆலைக் கழிவாலும் சாக்கடையாலும் கறுத்துவிட்டது. 2014இல் அதில் கொட்டிய இரசாயனக் கழிவினின்று எழுந்த ஆவியால் உல்லாசநகரில் பலர் மூச்சுத் திணறி மருத்துவமனை சேர்ந்தனர். ஊர்க் கிணற்றில் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு காசில்லாமல் நீந்தப் பழகியவர் நம்முள் பலர். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் அதற்குக் கட்டணம் செலுத்தி நீச்சற் குளத்துக்குச் செல்லவேண்டியிருக்கிறது.