அளவெண்ணும் நோய்க்குறிப்பும்: ஏரியான் 5இன் முதற்பயணம்

1996ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 4ஆம் நாள், தென்னமெரிக்காவின் வடகரையில் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 என்னும் புதிய ராக்கெட் முதன்முறையாக எழுந்தது. புவியைச் சூழ்ந்துள்ள காந்த மண்டலத்தை ஆராய்வதற்கென ஐரோப்பிய அறிவியலாளர்கள் உருவாக்கிய கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் நான்கும் அதில் இருந்தன. புறப்பாட்டு வரிசை தொடங்கி ஏறத்தாழ 40 வினாடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், ராக்கெட் திடுமெனச் சாய்ந்து உடைந்து வெடித்துச் சிதறியது.

எரிபொருளிலோ எந்திரத்திலோ பழுது காணப்படவில்லை. நேரடியாக இணைக்கப்பட்ட இரண்டு கணினிகளிடையே நிகழ்ந்த தரவுப் பரிமாற்றத்தில்தான் கேடு விளைந்தது.

அவ்விரண்டனுள் முதலாவது, ராக்கெட்டின் முடுக்கத்தையும் சுழற்சியையும் உணர்ந்து அதன் திசையையும் வேகத்தையும் கணிக்கும் அளவீட்டுக் கணினி. மற்றது, அந்த அளவுகளைப் பெற்று எந்திரங்களின் முனைகளை எப்பக்கம் எவ்வளவு திருப்புவது என்று முடிவுசெய்யும் பயணக் கணினி. முன்னதைக் கண்ணென்றும் பின்னதைக் கையென்றும் கொள்ளலாம். இரண்டையும் ஒரு தரவுத்தடம் இணைத்திருந்தது.

அளவீட்டுக் கணினியின் மென்பொருள் ஏரியான் 4இலிருந்து பெறப்பட்டது. அதில் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட் வடிவிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் கட்டளை ஒன்று இருந்தது. 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. ஏரியான் 4இன் பாதையில் அவ்வளவு அந்த எல்லையைத் தாண்டியதில்லை. ஏரியான் 5இன் தொடக்கப் பாதையோ வேறு. அதன் கிடைமட்ட வேகம் ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைந்து பெருகியது. படி கொள்ளாத நெல்லைப் படியில் கொட்டியது போலாயிற்று. இத்தகைய ஏழு மாற்றங்களில் நான்கிற்குப் பாதுகாப்பு இருந்தது. கணினியின் பணிச்சுமை 80 விழுக்காட்டைக் கடக்கலாகாது என்பதற்காக எஞ்சிய மூன்று பாதுகாப்பின்றி விடப்பட்டன. இது அந்த மூன்றனுள் ஒன்று.

வியப்பு என்னவெனில், ராக்கெட் எழுந்தபின் அக்கணிப்புக்கு ஏரியான் 5இல் எந்தப் பயனும் இல்லை. புறப்படும் தறுவாயில் எண்ணிக்கை நிறுத்தப்பட்டால், நெடுநேரம் காத்திராமல் மீண்டும் தொடங்குவதற்காக ஏரியான் 4இல் வைக்கப்பட்ட ஏற்பாடு அது. அதுவும் 1989இல் ஒரே ஒருமுறைதான் பயன்பட்டது.

காப்புக் கணினி இல்லையா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். இருந்தது. இரண்டிலும் ஓடியது ஒரே மென்பொருள். ஆதலால் காப்புக் கணினி அதே காரணத்தால் சற்று முன்னதாகவே, முந்தைய 72 மில்லிவினாடிச் சுற்றில் செயலிழந்துவிட்டது.

இவ்விபத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எண் அடங்காமற் போன இடத்தோடு நின்றுவிடுவர். அடுத்த நொடிப்பகுதியில் நிகழ்ந்ததே இன்னும் ஊன்றிக் கற்கத்தக்கது என்பது என் எண்ணம். பிழை கண்ட அளவீட்டுக் கணினி, விதிக்கப்பட்டவாறே தன் பணியை நிறுத்திக்கொண்டது. அளவுகளுக்கு மாறாகத் தன் கோளாற்றைக் குறிக்கும் ஒரு பிட் கோவையைத் தரவுத்தடத்தில் இட்டது. அதாவது, “எனக்கு உடல்நலமில்லை” என்றது. கேட்ட பயணக் கணினி அதனைப் பறப்பின் அளவெண்ணாகவே படித்தது. நேர்வழியில் சென்றுகொண்டிருந்த ராக்கெட் பெரிதும் விலகிவிட்டதாகக் கருதி, அதனைத் திருத்துவதற்கு எந்திர முனைகளை முழு அளவில் திருப்பியது. ராக்கெட் 20 பாகைக்கும் மேலாகச் சாய, காற்றின் விசையைத் தாங்கமாட்டாது உடைந்தது. தன்னழிப்பு அமைப்பு எஞ்சியதை வெடிக்கச் செய்தது.

அனுப்பிய பிட்டுகள் வழியில் சிதையவில்லை. தரவுத்தடம் தன் கடமையைச் செய்தது. வந்தது அளவா, நோய்க்குறிப்பா என்று வேறுபடுத்தி அறியும் ஏற்பாடுதான் பெறுமிடத்தில் இல்லாதிருந்தது.

கணித அறிஞர் ழாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அவ்வாண்டு ஜூலை 19இல் அறிக்கை அளித்தது. தரையில் நடந்த ஒருங்கிணைந்த சோதனைகளில் உண்மையான அளவீட்டுக் கணினி இணைக்கப்படவில்லை. அதன் இடத்தில் பாவனை மென்பொருளே எண்களை வழங்கியது. அளவீட்டுக் கணினிக்குரிய தேவை ஆவணத்தில் ஏரியான் 5இன் பாதை விவரமே சேர்க்கப்படவில்லை. குழுவின் 14 பரிந்துரைகளுள் ஒன்று, எந்த உணர்கருவியும் தன்னால் இயன்ற மட்டும் சிறந்த அளவை அனுப்புவதை நிறுத்தலாகாது என்பது. பழுதுற்றால் பணியை நிறுத்து என்ற பழைய விதிக்கு இது நேர்மாறானது. கருவிக் கோளாறு எப்போதோ ஒருமுறை தற்செயலாக நேர்வது என்ற எண்ணத்தில் எழுந்த விதி அது. மென்பொருட் பிழையோ இரு கருவிகளையும் ஒருசேரத் தாக்கும்.

ஏரியான் 5 அடுத்ததாக 1997 அக்டோபர் 30இல் பறந்தது. இழந்த கிளஸ்டர் கோள்களுக்கு மாற்றாக நான்கு புதியவை கட்டப்பட்டு, 2000ஆம் ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டிரண்டாகப் பைக்கனூரிலிருந்து செலுத்தப்பட்டன. இம்முறை அவற்றைச் சுமந்து சென்றவை ரஷ்யாவின் சோயூஸ் ராக்கெட்டுகள்.