விழுந்த பல்லுக்கு ஏன் பால்?

அடிபட்டுப் பல் முழுசாக விழுந்துவிட்டால், அதைப் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு வாங்க என்கிறார்கள் பல் மருத்துவர்கள். ஏன் பால்? தண்ணீர் ஆகாதா? கேள்வி சின்னதுதான். ஆனால் பதில் கிடைக்க ரொம்ப காலம் ஆகியிருக்கிறது.

பல்லைத் திரும்ப நடுவது புதுசு இல்லை. கோர்டோபாவில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அல்-ஸஹ்ராவி, ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பக்கத்துப் பற்களோடு கட்டச் சொன்னார். 1728-இல் வந்த பியர் ஃபோஷாரின் பிரெஞ்சு நூலிலும் பிடுங்கிய பல்லைத் திரும்ப வைத்த சிகிச்சைகள் உண்டு.

லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். மனிதப் பல்லைச் சேவல் கொண்டையில் நட்டுப் பார்த்தார்! அவரது 1778 நூலில் சொத்தைப் பல்லுக்கு ஒரு வைத்தியம் வருகிறது. பல்லைப் பிடுங்கி, கொதிக்க வைத்து, அதிலுள்ள உயிரை அழித்து, திரும்பக் குழியில் வைக்க வேண்டும். செத்த பல் மேற்கொண்டு கெடாது என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பியது இங்கேதான். பல் நேராக எலும்பில் ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சவ்வு இருக்கிறது. பல் விழும்போது இது கிழிந்து, ஒரு பகுதி வேரோடு வந்துவிடும். அந்தச் செல்கள் உயிரோடு இருந்தால் சவ்வு மறுபடி சேரும். செத்துப்போனால், உடம்பு வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அந்த இடத்தில் எலும்பை வளர்க்கும். வெளியே பல் நன்றாகத்தான் தெரியும், உள்ளே வேர் காணாமல் போய்க்கொண்டிருக்கும்.

இந்தச் சவ்வின் முக்கியத்துவத்தை 1890-இலேயே ஷெஃப் பேசினார். அதை எண்ணிக்கையில் காட்டியவர்கள் டென்மார்க்கின் ஆண்ட்ரியாசனும் யோர்ட்டிங்-ஹான்சனும். 1966-இல் திரும்ப நடப்பட்ட 110 பற்களை அலசினார்கள். 30 நிமிடத்துக்குள் நட்டவற்றில் 90 சதவீதத்துக்கு வேர் கரையவில்லை. 2 மணி நேரம் தாண்டியவற்றில் 95 சதவீதத்துக்குக் கரைந்தது.

சரி, அரை மணியில் டாக்டரிடம் போக முடியாவிட்டால்? 1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ப்ளோம்லோஃப் இதைத்தான் ஆராய்ந்தார். தண்ணீரில் உப்புச் செறிவு குறைவு என்பதால் செல்கள் ஊதி வெடித்துவிடும். எச்சிலிலும் அதே சிக்கல், கூடவே கிருமிகள் வேறு. பாலின் செறிவோ செல்லுக்கு ஒத்துப்போகிறது. அமிலத்தன்மை அதிகமில்லை, பாக்கெட் பாலில் கிருமியும் குறைவு. செல்கள் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கின்றன.

நம்ம ஊர்ப் பங்கும் உண்டு. 2008-இல் சென்னை ஆய்வாளர்கள் இளநீரைச் சோதித்து, பாலைவிட நன்றாகச் செல்களைக் காத்ததாக எழுதினார்கள். இளநீர் அமிலத்தன்மை உள்ளது; பின்னால் வந்த வேறு சில சோதனைகளில் அந்த முடிவு கிடைக்கவில்லை. அதனால் பரிந்துரைகளில் பால் முன்னாலேயே நிற்கிறது.

ஆக, நாம் காப்பாற்றுவது வேர்மேல் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய தோலை. பல்லை மேல்பகுதியில் பிடியுங்கள், வேரைத் தொடவோ தேய்க்கவோ வேண்டாம். அழுக்கு இருந்தால் பாலில் லேசாக அலசி, முடிந்தால் அப்போதே குழியில் வைத்து, துணியைக் கடித்துக்கொண்டு கிளம்புங்கள். முடியாவிட்டால் பாலில் போடுங்கள். டிஷ்யூவில் மடித்துப் பையில் வைப்பதுதான் ரொம்ப மோசம், காய்ந்துவிடும். குழந்தைகளின் பால் பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. அடியில் வளரும் நிரந்தரப் பல் கெட்டுப்போகலாம்.