ஒரே கணினியில் பல தரவுத்தளப் பதிப்புகள்

ஒரு தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே கணினியில், ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று தொடாமல் இயங்கும்படி அமைப்பது தரவுத்தள நிர்வாகிகளின் அன்றாட வேலைகளில் ஒன்று. போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள், மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் ஆகிய நான்கும் இதற்கு இடம் கொடுக்கின்றன. வழிதான் ஒவ்வொன்றுக்கும் வேறு.

ஒரு உலாவியைப் புதுப்பித்தால் பழையது போய்விடும். யாரும் அதைத் தேடுவதில்லை. தரவுத்தளத்தில் அப்படிச் செய்ய முடியாது. வட்டில் கிடக்கும் தரவு, அதை எழுதிய பதிப்பின் அச்சில் வார்க்கப்பட்டது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் தரவுக் கோப்பகத்துக்குள் மிகச் சிறிய உரைக்கோப்பு ஒன்று இருக்கும். திறந்து பார்த்தால் 15 என்றோ 16 என்றோ ஓர் எண் மட்டுமே. 16ஆம் பதிப்பின் சர்வரை 15ஆம் பதிப்பின் கோப்பகத்தின் மேல் இயக்கினால், அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் ‘இது பொருந்தாத பதிப்பு’ என்று பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு நின்றுவிடும். ஒரு பைட்டைக்கூட மாற்றாது. மைஎஸ்கியூஎல்லின் குணம் வேறு. 8.0.16 முதல், புதிய சர்வர் பழைய தரவுக் கோப்பகத்தைக் கண்டால் தானாகவே அதைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் எழுந்து நிற்கும். அதன்பின் பழைய சர்வரால் அந்தக் கோப்பகத்தைத் திறக்க முடியாது. வசதிதான். ஆனால் தவறான கோப்பகத்தைக் காட்டிவிட்டவருக்குத் திரும்பி வர வழி இல்லை, காப்புப்படி இருந்தால் ஒழிய. இந்த ஒரு விஷயத்தில் போஸ்ட்கிரெஸின் பிடிவாதமே மேல்.

பதிப்பு என்று இங்கே சொல்வது முதன்மைப் பதிப்பை. போஸ்ட்கிரெஸில் 9.6 வரை முதல் இரண்டு எண்களும் சேர்ந்து முதன்மைப் பதிப்பைக் குறித்தன; 2017இல் வந்த 10 முதல் முதல் எண் மட்டுமே குறிக்கிறது. 16.1இலிருந்து 16.2க்குப் போவதற்குப் பக்கத்தில் இன்னொன்று தேவையில்லை, கோப்பு வடிவம் மாறுவதில்லை. 15இலிருந்து 16க்குப் போவதற்குத்தான் தேவை.

மூன்று பிரிவுகள்

ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பல பதிப்புகள் ஒரே கணினியில் இருக்கும் அமைப்பு உடனே விளங்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனி வாசல். கிணறு மட்டும் பொது. இங்கே அறை என்பது தரவுக் கோப்பகம். அடுப்பு என்பது இயங்கும் நிரல். வாசல் என்பது போர்ட் எண். கிணறு என்பது கணினியின் நினைவகம். முதல் மூன்றையும் பிரித்துவிட்டால் எத்தனை பதிப்புகள் வேண்டுமானாலும் குடியிருக்கலாம்.

இந்தப் பிரிவை மிகத் துப்புரவாகச் செய்திருப்பது டெபியன், உபுண்டு லினக்ஸ்களின் போஸ்ட்கிரெஸ் தொகுப்புதான். நிரல்கள், தரவு, அமைப்புக் கோப்புகள் மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பகங்கள். ஒவ்வொன்றிலும் பதிப்பு எண்ணின் பெயரில் ஒரு துணைக் கோப்பகம். முதலில் நிறுவிய பதிப்பு வழக்கமான 5432 போர்ட்டை எடுத்துக்கொள்ளும். அடுத்து வருவது 5433. எந்தப் பதிப்பு, எந்தப் போர்ட், ஓடுகிறதா நிற்கிறதா, தரவு எங்கே என்று எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் பட்டியலாகக் காட்டும் கருவியும் அதிலேயே உண்டு. வேறு எந்தக் கணினிக்குப் புதிதாகப் பொறுப்பேற்றாலும் முதலில் இந்த மாதிரியான பட்டியல் ஒன்றை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஆரக்கிளில் ஒவ்வொரு பதிப்பின் நிரல்களும் ‘ஆரக்கிள் ஹோம்’ எனப்படும் தனிக் கோப்பகத்தில் இருக்கும். எந்தத் தரவுத்தளம் எந்த ஹோமைச் சேர்ந்தது என்பது ‘ஓராடேப்’ என்ற கோப்பில் வரிக்கு ஒன்றாகப் பதிவாகியிருக்கும். வாசல் மட்டும் பொது: 1521 போர்ட்டில் நின்று இணைப்புகளை வரவேற்கும் ஒரே லிசனர் பல பதிப்புகளுக்கும் வழிகாட்டலாம், அது இருப்பவற்றில் புதிய பதிப்பைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

வாசல் மாறிப் போவது

பல பதிப்புகள் உள்ள கணினியில் உண்மையான ஆபத்து அவை மோதிக்கொள்வதில் இல்லை. இரண்டு சர்வர்கள் ஒரே போர்ட்டைக் கேட்டால் இரண்டாவது கிளம்பவே கிளம்பாது. பிழை கண்முன் வந்துவிடும். எந்தப் பதிப்போடு பேசுகிறோம் என்று தெரியாமலே பேசுவதுதான் ஆபத்து.

மைஎஸ்கியூஎல்லில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஒரு லினக்ஸ் கணினியில் 5.7 பதிப்பு 3306 போர்ட்டிலும், சோதனைக்கு நிறுவிய 8.0 பதிப்பு 3307 போர்ட்டிலும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ‘லோக்கல்ஹோஸ்ட்’, போர்ட் 3307 என்று கொடுத்து உள்ளே போகிறார். மைஎஸ்கியூஎல்லின் கட்டளைவரி நிரல் யூனிக்ஸ் வகைக் கணினிகளில் லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லைப் பார்த்தால் போர்ட்டையே பார்க்காது. அதே கணினிக்குள் இணைப்பதற்கான சாக்கெட் கோப்பு வழியாகப் போய்விடும். அந்த சாக்கெட் பெரும்பாலும் முதலில் நிறுவிய 5.7உடையது. எச்சரிக்கை எதுவும் வராது. கடவுச்சொல் ஒன்றாக இருந்தால் கதவும் திறந்துவிடும். சோதனைத் தரவு என்று நினைத்து அழிக்கும் அட்டவணை, வாடிக்கையாளர்களின் உண்மைத் தரவாக இருக்கும். 127.0.0.1 என்று எண்ணாகக் கொடுத்தாலோ, டிசிபி வழி என்று வெளிப்படையாகச் சொன்னாலோ சரியான வாசலுக்குப் போகலாம். போன பிறகும் சர்வரிடமே அதன் பதிப்பு, போர்ட், தரவுக் கோப்பகம் மூன்றையும் கேட்டுப் பார்க்கலாம்; ஒரு வரி போதும்.

எஸ்கியூஎல் சர்வரில் பெயரிட்ட நிகழ்வுகள் என்ற வசதி, அதாவது ஒரே கணினியில் பல சர்வர்களைத் தனித்தனிப் பெயரில் இயக்கும் வசதி, 2000ஆம் பதிப்பில் வந்தது. பெயரிடாத இயல்பு நிகழ்வு 1433 போர்ட்டில் நிற்கும். மற்றவை தொடங்கும்போது கிடைக்கும் போர்ட்டை எடுத்துக்கொள்ளும். ஆகவே எந்தப் பெயருக்கு எந்தப் போர்ட் என்று வருபவர்களுக்குச் சொல்ல, யுடிபி 1434இல் ஒரு விசாரணைச் சேவை வைக்கப்பட்டது. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற கணினிப் புழு நுழைந்தது இந்தச் சேவையில் இருந்த ஓர் ஓட்டையின் வழியாகத்தான். வெறும் 376 பைட் அளவுள்ள அந்தப் புழு ஏறத்தாழ 75,000 கணினிகளைத் தொற்றியது. அவற்றில் பெரும்பாலானவை முதல் பத்து நிமிடங்களிலேயே விழுந்தன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதங்களுக்கு முன்பே, 2002 ஜூலையில், வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்களில் பலருக்குத் தங்கள் கணினியில் எஸ்கியூஎல் சர்வர் இருப்பதே தெரியாது. வேறு மென்பொருள்களோடு சேர்ந்து அதன் சிறிய வடிவமான எம்எஸ்டிஇ உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. கணக்கில் வராத பதிப்புக்குத் திருத்தம் போட யாரும் இருப்பதில்லை.

பொதுக் கிணறு

நினைவகத்தைப் பங்கிடுவது நிர்வாகியின் கையில்தான் இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வர் நிகழ்வு ஒவ்வொன்றும் இயல்பாக உச்சவரம்பு இல்லாமல் நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது நிகழ்வை நிறுவிய அன்றே இரண்டுக்கும் உச்சவரம்பு வைத்தாக வேண்டும். போஸ்ட்கிரெஸின் பகிர்வு நினைவகமும் மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி இடையகமும் இயல்பில் 128 எம்பி மட்டுமே. ஆனால் ‘மொத்த நினைவகத்தில் கால் பங்கு கொடுங்கள்’ என்பது போன்ற வழிகாட்டுதல்கள் ஒரே சர்வர் உள்ள கணினிக்கு எழுதப்பட்டவை. மூன்று பதிப்புகளுக்கும் அதை அப்படியே வைத்தால், நினைவகம் தீரும்போது லினக்ஸ் ஏதாவது ஒரு செயலியைக் கொல்லக்கூடும். எதைக் கொல்லும் என்பது நம் விருப்பத்தில் இல்லை.

மேம்படுத்தும் நாள்

இரண்டு பதிப்புகள் அருகருகே இருக்க வேண்டிய முக்கியமான தருணம் மேம்படுத்தும்போது வருகிறது. போஸ்ட்கிரெஸின் மேம்படுத்தும் கருவி 2010இல் 9.0 பதிப்போடு சேர்ந்தது. பழைய, புதிய நிரல்கள் இரண்டும் ஒரே கணினியில் இருந்தால்தான் அது வேலை செய்யும். வேலை நடக்கும்போது வெளியார் யாரும் தவறி உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக 50432 என்ற வழக்கத்தில் இல்லாத போர்ட்டைப் பயன்படுத்தும். அதில் இணைப்பு முறை ஒன்று உண்டு. கோப்புகளை நகலெடுக்காமல் இரு பதிப்புகளும் ஒரே கோப்பைச் சுட்டும்படி செய்வதால், பெரிய தரவுத்தளமும் சில நிமிடங்களில் மாறிவிடும். புதிய சர்வரை ஒருமுறை தொடங்கிவிட்டால் பழையதை மறுபடி இயக்குவது பாதுகாப்பானதல்ல.

தரவை உரையாக இறக்கி ஏற்றுவதானால் புதிய பதிப்பின் இறக்கும் கருவியையே பயன்படுத்த வேண்டும். புதியதற்குப் பழைய சர்வரைப் படிக்கத் தெரியும். பழையது புதிய முதன்மைப் பதிப்பைக் கண்டால் மறுத்துவிடும்.

கொள்கலன்கள் வந்த பின், அதாவது 2013இல் டாக்கர் வெளியான பின், இந்த வேலை மிகவும் எளிதாகிவிட்டது. ஒவ்வொரு பதிப்பும் தன் நூலகங்களோடு தனிப் பெட்டியில் வரும். வெளியே வேறு போர்ட், தரவுக்கு வேறு சேமிப்பகம் கொடுத்தால் முடிந்தது. உருவாக்குநர்களின் கணினிக்கு இதுவே சிறந்த வழி. ஆனால் ஒரு நுணுக்கம். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் இயங்குதளத்தின் சி நூலகத்திடம் கேட்கிறது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் 2018இல் வந்த 2.28 பதிப்பு அந்த வரிசையைப் பெருமளவு மாற்றியது. தரவுத்தளப் பதிப்பு அதேதான், கோப்பகமும் அதேதான். பெட்டிக்குள் இருக்கும் லினக்ஸ் மட்டும் மாறியது என்றாலும், பழைய வரிசையில் கட்டிய உரைச் சுட்டுவரிசைகள் தவறாகிவிடும். அட்டவணையில் இருக்கும் பெயரைத் தேடினால் இல்லை என்று பதில் வரும். அவற்றை மறுபடி கட்டுவதுதான் தீர்வு.

இத்தனை கவலையும் இல்லாத தரவுத்தளம் எஸ்கியூலைட். அதற்கு சர்வர் இல்லை, போர்ட் இல்லை; ஒவ்வொரு செயலிக்குள்ளும் நூலகமாகக் கலந்திருக்கிறது. 2004இல் 3.0.0 எழுதிய கோப்பை இன்றைய பதிப்பும் படிக்கும்.

சர்வர் உள்ள மற்றவற்றில், பக்கத்தில் வைத்த பழைய பதிப்புக்கு ஒரு கடைசி நாள் உண்டு. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகளே ஆதரவு. மைஎஸ்கியூஎல் 5.7க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. போஸ்ட்கிரெஸ் 14க்கு அந்த நாள் 2026 நவம்பர் 12.