கஜானாவைக் காத்த முஷ்டிகள்

தஞ்சாவூர் அரண்மனையில் பணம் இருந்த கஜானாவுக்கும் நகைகள் இருந்த அறைகளுக்கும் காவல் நின்றவர்கள் மல்லர்கள். ஜெட்டிகள் என்று அவர்களுக்குப் பெயர். குஸ்தியும் முஷ்டியுத்தமும் அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். அரண்மனையின் மொழி மராத்தி, ஊரின் மொழி தமிழ், இவர்கள் வீட்டுக்குள் பேசியது தெலுங்கு. பூணூல் அணிந்தார்கள். தங்களை உயர்ந்த குலமாகவே எண்ணினார்கள். எடுபிடி வேலை எதுவாயினும் தொடமாட்டோம் என்று மறுத்துவிடுவார்கள்.

1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகளை வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் அவர். அந்தத் தொகுதிகளில் தஞ்சாவூர் ஜெட்டிகளுக்குச் சில வரிகள் உண்டு. கடைசி ராஜா இறந்தபின் அவர்களில் பெரும்பாலோர் மைசூருக்கும் வேறு சமஸ்தானங்களுக்கும் போய்விட்டார்கள், மிகச் சிலர் மட்டும் கோட்டைக்குள் குடியிருக்கிறார்கள் என்று அவர் எழுதினார். அரை நூற்றாண்டில் ஒரு தொழில் ஓர் ஊரைவிட்டே எழுந்து போன கதை அந்தச் சில வரிகளுக்குள் இருக்கிறது.

காவிரிக்கரையில் மற்போருக்கு இருந்த மதிப்பு மிகப் பழையது. சங்க காலத்தில் உறையூர்ச் சோழர் குடியில் பிறந்த போர்வைக்கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு பொருது வென்றான். சாத்தந்தையார் அந்தப் போரைக் கண்டவர்போல் பாடியிருக்கிறார். ஒரு முழங்கால் மல்லனின் மார்பில் அழுந்தி நிற்கிறது, மற்றொரு கால் அவன் முதுகை வளைத்துப் பிடிக்கிறது. தந்தை தித்தன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இந்தக் காட்சியைக் காணவேண்டும் என்று புலவர் ஆசைப்படுகிறார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த பிணக்கு அந்த ஆசையில் தெரிகிறது.

புறநானூற்றின் அடுத்தடுத்த பாடல்களில் வேறொரு குரல் கேட்கிறது. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் அந்த வீரனைக் காதலித்தவர். கூட்டத்தில் ஒரு சாரார் வெற்றி அவனுக்கே என்கிறார்கள், இன்னொரு சாரார் இல்லை என்கிறார்கள். இரண்டு பேச்சையும் கேட்ட அந்தப் பெண் சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டருகே நின்ற பனையில் சாய்ந்து எட்டிப் பார்க்கிறார். வெற்றி அவனுக்குத்தான். மோதும் இருவரோடு, ஆளுக்கொரு பக்கம் நின்று வாதிடும் கூட்டத்தையும் அதற்குள் ஒரு மனத்தின் படபடப்பையும் சேர்த்துப் பதிவுசெய்த பாட்டு அது. சண்டைக் களத்தைப் பார்வையாளர் பக்கத்திலிருந்து எழுதியவர்களில் நக்கண்ணையாருக்கு முன்வரிசையில் இடம் தரவேண்டும்.

பெருநற்கிள்ளி அரச குடியினன். அவன் பொருதது புகழுக்காக. சோற்றுக்காகப் பொருதவர்களின் வரலாறு பின்னால் வருகிறது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசம், அரசன் மல்லர்களை எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்று விரிவாகப் பேசுகிறது. வயது, உடற்கட்டு, பலம் ஆகியவற்றைக் கொண்டு மல்லர்களைத் தரம் பிரிக்கிறது. அவர்களுடைய சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் முறை வகுக்கிறது. மல்லனைத் தீனி போட்டு வளர்ப்பது அரண்மனைச் செலவுகளில் ஒன்றாகிவிட்டது.

விஜயநகரத்தில் அந்தச் செலவு பெரிய அளவுக்கு வளர்ந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், மகாநவமி விழாவில் மல்லர்கள் மோதியதைக் கண்டு திகைத்தார். பற்கள் உடைந்தன, கண்கள் போயின, முகம் சிதைந்தவர்களைப் பேச்சுமூச்சில்லாமல் நண்பர்கள் தூக்கிப்போனார்கள். அவர்களுக்குத் தலைவர்கள் இருந்தார்கள். இருவரையும் சமநிலையில் நிறுத்தி, வென்றவனுக்கு மரியாதை செய்ய நடுவர்களும் இருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1535ஐ ஒட்டி வந்த பெர்னாவ் நூனிஸ் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். விழாவுக்கென்று ஆயிரம் மல்லர்கள். கையில் முனைகள் கொண்ட வளையங்கள், அவற்றால் குத்திக் கிழித்துக்கொள்கிறார்கள். அதிகம் காயம்பட்டவனுக்கு அரசர் பட்டுத்துணி தருகிறார். ராஜ்யத்தில் வேறு எந்த ஊழியமும் இவர்கள் செய்வதில்லை.

வேறு ஊழியம் இல்லை என்ற அந்தக் குறிப்பு முக்கியமானது. முழுநேரமும் சண்டையே தொழிலாகக் கொண்டவர்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நூனிஸ் இதை எழுதிய காலத்தில் தஞ்சாவூரில் செவ்வப்ப நாயக்கரின் ஆட்சி தொடங்கிவிட்டது. விஜயநகரத்தின் தெலுங்கு, அதன் நவராத்திரி, அதன் அரசவை வழக்கங்கள் காவிரிக்கரைக்கு வந்து வேரூன்றிய நேரம் அது. 1670களில் நாயக்கர் ஆட்சி போய் ஏகோஜியின் மராட்டிய ஆட்சி வந்தது. மராட்டியருக்கும் குஸ்தி உயிர். ஆள்பவர் மாறினாலும் மல்லனுக்கு அரண்மனையில் இடம் இருந்தது.

அந்த இடத்துக்குப் படியளந்தது டெல்டாவின் நெல். காவிரியும் வெண்ணாறும் பாய்ந்த வயல்களின் தீர்வைதான் அரண்மனையின் வருமானம். வயல் காய்ந்தால் அரண்மனைப் பணியாளர் அத்தனை பேர் பாடும் திண்டாட்டம். 1781இல் ஹைதர் அலியின் படை வந்து டெல்டாவை நாசமாக்கியதை ஹைதர் கலாபம் என்று தஞ்சை மாவட்டத்தார் தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். 1799இல் இரண்டாம் சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடம் போனது. ராஜாவுக்குக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நில வருவாயில் செலவு போக ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. சரஸ்வதி மகால் நூலகத்துக்குச் சுவடி சேர்த்ததும், சங்கீத வித்துவான்களை ஆதரித்ததும், ஜெட்டிகளைக் காப்பாற்றியதும் அந்தப் பணம்தான். ராஜ்யம் போன அரண்மனையில் படை நடத்த வேலை இல்லை. கஜானாவையும் நகையறையையும் காக்கும் வேலை இருந்தது.

கோதாவில் பழகும் பயில்வானின் நாள் விடியுமுன் தொடங்கும். சலித்த மண்ணில் எண்ணெய் கலந்து பதமாக்கிய களம், தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, பிறகு ஜோடி பிடித்துப் பழகுதல். பாலும் நெய்யும் பாதாமும் தாராளமாக வேண்டும். கூலிவேலை செய்து பிழைக்கிறவனால் இந்த உடம்பை வளர்க்க முடியாது. ஒருவன் இருபது ஆண்டு சண்டைக்காரனாக இருக்க, இன்னொருவர் இருபது ஆண்டு சோறு போடவேண்டும்.

ஜெட்டிகளின் தனிச்சிறப்பு வஜ்ரமுஷ்டி. கொம்பால் செய்த, முனைகள் கொண்ட சிறு ஆயுதம். வலக்கை விரல்களில் மாட்டிக்கொண்டு முஷ்டியை மடக்கினால் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டு ஹைதரிடம் ஒப்படைக்கப்பட்ட ஆங்கிலச் சிறுவன் ஜேம்ஸ் ஸ்கரி, மைசூர் ராஜ்யத்தில் பத்தாண்டு சிறையிருந்தவன். திப்புவின் முன்னால் ஜெட்டிகள் பொருததைப் பார்த்து அவன் சொன்னது 1824இல் புத்தகமாக வந்தது. ஒரு பள்ளிக்கு எதிராக இன்னொரு பள்ளி என்று ஜோடி சேர்த்தார்கள். சுல்தானை வணங்கிவிட்டு இருவரும் நெருங்கினார்கள். ஒருவன் தன் கழுத்து மாலையின் பூவை எதிராளியின் முகத்தில் வீசினான், பிறகு வலக்கை வீச்சுக்குச் சமயம் பார்த்தான்.

மோதி ஒடித்த கைகள் ஒடிந்ததைச் சேர்க்கவும் கற்றிருந்தன. தெலுங்கு மாவட்டங்களில் ஜெட்டிகள் உடம்பு பிடித்துவிட்டு, தைலம் தேய்த்து, நரம்புவலி போக்கினார்கள். மைசூர்ப் பக்கத்தில் மூட்டு விலகினால் ஜெட்டியைத் தேடிப்போவது வழக்கம். களத்தில் நிற்கும் வயது கடந்தபின்னும் குடும்பத்துக்கு அடுப்பு எரிய இந்த வைத்தியம் உதவியது. தஞ்சாவூர் ஜெட்டிக்கோ அரண்மனைக் காவல் உத்தியோகமே பெரிய பிடிமானம். அந்தப் பிடிமானம் ஒரு மரணத்தோடு நழுவியது.

1855 அக்டோபரில் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். டல்ஹௌசி காலத்துக் கம்பெனி, தஞ்சாவூர் ராஜ வம்சம் முடிந்துவிட்டது என்று தீர்மானித்தது. 1856 அக்டோபரில் கமிஷனர் ஃபோர்ப்ஸ் சிப்பாய்களோடு வந்து அரண்மனைச் சொத்துகளைக் கைப்பற்றிச் சீல் வைத்தார். ஜெட்டிகள் காத்துவந்த அறைகளுக்குப் பூட்டு மாறியது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். லண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் தீர்ப்பளித்தது: இது அரசு செய்த அரசியல் நடவடிக்கை, நீதிமன்றம் இதில் தலையிட முடியாது. 1862இல் தனிச்சொத்துகள் அரசின் கருணையாக ராணிகளுக்குத் திரும்பக் கிடைத்தன. உத்தியோகங்கள் திரும்பவில்லை. வழக்காடவும் மனு எழுதவும் ராணிகளுக்கு நார்ட்டன் போன்ற வக்கீல்கள் இருந்தார்கள். முஷ்டியைத் தவிர வேறொன்றையும் தொழிலாகப் பழகாத குடும்பங்கள் மூட்டை கட்டின.

போன இடம் மைசூர் என்பது தற்செயல் அன்று. அங்கும் ஆங்கிலேயர் 1831இல் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டவர்கள்தாம். ஆனால் உடையார் வம்சத்தின் தத்துப்பிள்ளையை ஏற்றுக்கொண்டு, 1881இல் ஆட்சியைத் திருப்பித் தந்தார்கள். சிம்மாசனம் இருந்தது, தசரா இருந்தது, தசராவுக்கு மல்லர்கள் வேண்டியிருந்தார்கள். அதனால் இன்றைக்கும் விஜயதசமியன்று மைசூர் அரண்மனையில் வஜ்ரமுஷ்டி காளகம் நடக்கிறது. மைசூர், சாமராஜநகர், சன்னபட்டணம், பெங்களூர் ஜெட்டிக் குடும்பங்களிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். குடுமி மட்டும் விட்டுத் தலையை மழித்து, நிம்புஜா தேவியை வணங்கிக் களம் இறங்குகிறார்கள். ஒருவர் தலையில் ரத்தம் துளிர்த்ததும் சண்டை முடிகிறது. தஞ்சாவூரிலும் ஒரு வாரிசு ஏற்கப்பட்டிருந்தால் அந்தச் சிவந்த களங்களில் ஒன்று காவிரிக்கரையிலும் பிழைத்திருக்கும். வீரம் குறைந்ததால் இந்தக் கலை இங்கே அழியவில்லை. கல்கத்தாவிலும் லண்டனிலும் எடுக்கப்பட்ட முடிவுகள் அதை அழித்தன.

தஞ்சாவூர் மல்லன் வேலை இழந்த அதே காலத்தில் மேற்கே முஷ்டிக்கு வேறொரு படியளப்பவர் கிடைத்தார். டிக்கெட் வாங்கும் பொதுமக்கள். 1867இல் குவீன்ஸ்பரி விதிகள் வந்தன: கையுறை, மூன்று நிமிடச் சுற்று, பத்து எண்ணிக்கை. 1892இல் நியூ ஆர்லியன்ஸில் ஜேம்ஸ் கார்பெட், ஜான் சல்லிவனை வீழ்த்தி ஹெவிவெயிட் பட்டம் வென்றது அந்த விதிகளின்படிதான். பந்தயப் பணம் இனி அரசரின் கொடையாக வரவேண்டியதில்லை. வாசலில் வசூலாகும் காசு போதும்.

தமிழ்நாட்டில் அந்தப் புதிய முறை வேர்விட்டது சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய வடசென்னையில். கப்பற்காரர்களிடமிருந்தும் சிப்பாய்களிடமிருந்தும் ஆங்கிலக் குத்துச்சண்டையைக் கற்றுக்கொண்ட மீனவரும் தொழிலாளரும் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து மோதினார்கள். குத்துச்சண்டை வீரர் கித்தேரி முத்துவின் பெயரை அந்தத் தெருக்கள் இன்றும் மறக்கவில்லை. 1980இல் முகம்மது அலியே சென்னைக்கு வந்து, முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார். நெல் விளையும் தஞ்சைக்கு இந்த அலை பெரிதாக வந்து சேரவில்லை. துறைமுகக் கூலியும் வாராவாரச் சம்பளமும் உள்ள ஊர் டிக்கெட் வாங்கும். அறுவடைக்கு அறுவடை கணக்குத் தீர்க்கும் ஊரில் ஆண்டு முழுவதும் டிக்கெட் விற்பது எளிதன்று.

தஞ்சாவூர் அரண்மனைக்கு வருகிறவர்கள் சரஸ்வதி மகாலின் சுவடிகளைப் பார்க்கிறார்கள், கலைக்கூடத்தில் சோழர் செப்புத்திருமேனிகளைப் பார்க்கிறார்கள். கஜானா வாசலில் நின்றவர்களைப் பற்றிச் சொல்ல அங்கே ஒரு பலகை வைக்கவேண்டும். அதற்கான தேடலைத் தொடங்க நல்ல இடம் மோடி ஆவணங்கள். மராட்டிய அரண்மனையின் அன்றாடக் கணக்குகள் மோடி எழுத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் தமிழாக்கி வெளியிட்டது. நர்த்தகிக்கும் வித்துவானுக்கும் புலவருக்கும் கொடுத்ததைத் தேடி அந்தக் கட்டுகளைப் பிரித்த ஆய்வாளர்கள் உண்டு. மல்லனின் சம்பளத்தையும் அவன் வாங்கிய நெல்லையும் நவராத்திரி வெகுமதியையும் தேடி, மோடி படிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் அதே கட்டுகளைப் பிரிக்கவேண்டும். மைசூரிலும் சன்னபட்டணத்திலும் உள்ள ஜெட்டி வீடுகளில் தஞ்சாவூரைப் பற்றிய பேச்சு ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்று, முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்கவேண்டும்.